ஒரே சொக்லேட், பல நாடு: ருசி வேறா என்று கொழும்பில் இருந்தபடியே கண்டுபிடிக்கும் வழி

"லண்டன் டெயரி மில்க்தான் டெயரி மில்க். இங்கே விற்கிறது வெறும் சீனிக்கட்டி." வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ, வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் சூட்கேஸைத் திறக்கிற வீட்டில் இந்த வசனம் ஒரு தடவையாவது விழும். உடனே மச்சான் ஒருவர், "எல்லாம் ஒரே கம்பனி, ஒரே சாமான். உங்களுக்கு லண்டன் என்றாலே இனிக்கும்" என்பார். அன்றைய பின்னேரம் இந்த வழக்கிலேயே போய்விடும்.

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஒரே பெயரில், ஏறக்குறைய ஒரே உறையில் வரும் சொக்லேட்டின் செய்முறை நாட்டுக்கு நாடு உண்மையாகவே மாறுகிறது. ஆனால் கொழும்பில் அதோடு இன்னொன்றும் கலந்துவிடுகிறது: வெயில். களஞ்சியத்திலும் கடைத் தட்டிலும் சூட்கேஸிலும் ஒரு சொக்லேட் பட்ட பாடு அதன் ருசியை எவ்வளவோ மாற்றிவிடும். "இந்தியச் சொக்லேட் சரியில்லை" என்று நாம் சொல்லும்போது பாதி நேரம் குற்றவாளி இந்தியா இல்லை, சூடுதான் என்பது என் எண்ணம். செய்முறையையும் சூட்டையும் பிரித்துப் பார்க்க வீட்டிலேயே வழி உண்டு. ஒரு சனிக்கிழமை, சில சொக்லேட் கட்டிகள், ஏசி போட்ட ஓர் அறை, சண்டை பிடிக்க நாலைந்து பேர் இருந்தால் போதும்.

எந்தச் சொக்லேட்டை எடுப்பது

கடலை, முந்திரி, கரமல் எதுவும் சேராத வெறும் பால் சொக்லேட்டாக எடுங்கள். உள்ளே வேறு பொருள் இருந்தால் நாக்கு அதன் பின்னால் போய்விடும். கொட்டை வகைகள் பழசானால் காறல் வாடை வேறு வரும்.

இந்தச் சோதனைக்கு டெயரி மில்க்கை மிஞ்ச ஒன்றுமில்லை. கட்பரி நிறுவனம் அதை 1905 இல் இங்கிலாந்தின் போர்ன்வில்லில் தொடங்கியது. இன்று இந்தியாவிலும் அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவிலும் கனடாவின் டொரொன்டோவிலும் மலேசியாவிலும் தனித்தனியாகச் செய்யப்படுகிறது. அமெரிக்காவில் கட்பரி பெயரில் விற்பதை 1988 முதல் ஹேர்ஷி நிறுவனம் உரிமம் பெற்றுச் செய்கிறது. பெயர் கட்பரி, கை ஹேர்ஷியுடையது.

அடுத்த நல்ல தெரிவு கிட்கட். 1935 இல் யோர்க் நகரின் ரவுன்ட்ரீ நிறுவனம் தொடங்கியதை 1988 இல் நெஸ்லே வாங்கியது. அமெரிக்காவில் மட்டும் அதையும் ஹேர்ஷிதான் செய்கிறது. கனடாவிலோ நெஸ்லே டொரொன்டோவில் செய்கிறது. ஆகவே ஸ்காபரோவில் இருக்கும் சித்தி கொண்டுவரும் கிட்கட்டும் நியூ ஜேர்சியில் இருக்கும் பெரியப்பா கொண்டுவரும் கிட்கட்டும் இரண்டு வேறு நிறுவனங்களின் பண்டங்கள். "அமெரிக்கா பக்கத்துச் சொக்லேட்" என்று இரண்டையும் ஒரே பையில் போட்டுப் பேசக் கூடாது. கிட்கட்டில் உள்ள ஒரே வில்லங்கம் வேஃபர். அது நமுத்துப்போனால் ஒப்பீடு கெட்டுவிடும்.

விமான நிலையத்தில் ஆளாளுக்கு வாங்கும் டொப்லரோன் இதற்கு உதவாது. அது நீண்ட காலம் சுவிஸின் பேர்ன் நகரத்துச் சரக்காகவே இருந்தது. 2023 இல் உற்பத்தியில் ஒரு பகுதி ஸ்லோவாக்கியாவுக்கும் போவது என்றானபோது, சுவிஸ் சட்டத்தின்படி உறையிலிருந்த மேட்டர்ஹோர்ன் மலையின் படத்தை எடுக்க வேண்டி வந்தது. சுவாரசியமான கதைதான். ஆனால் அதன் தேனும் பாதாமும் சோதனையைக் குழப்பும்.

கண்டோஸ், ரிட்ஸ்பரி போன்ற நம் நாட்டுச் சொக்லேட்டுகளுக்கு வெளிநாட்டு இரட்டைப் பிறவி இல்லை. இருந்தாலும் ஒன்றை வாங்கி வையுங்கள். பிறகு ஓரிடத்தில் தேவைப்படும்.

கட்டிகளைச் சேர்ப்பது

இரண்டு நாட்டுச் சரக்கு போதும். மூன்று இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் நாக்கு களைத்துவிடும். ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு கட்டிகள் வேண்டும். ஏன் என்று சூடு பற்றிய பகுதியில் விளங்கும்.

இங்குள்ள சுப்பர் மார்க்கட்டில் ஒன்றை எடுக்கலாம். கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசா போன்ற இடங்களில் இறக்குமதி இனிப்புகள் விற்கும் சிறு கடைகளையும் புறக்கோட்டைக் கடைகளையும் ஒரு சுற்றுப் பார்க்கலாம். இன்னொன்று சூட்கேஸில் வரட்டும். 2022 ஓகஸ்டில், டொலர் இல்லாத அந்த நாட்களில், அரசாங்கம் 300 க்கும் மேற்பட்ட பொருட்களின் இறக்குமதியை நிறுத்தியபோது சொக்லேட்டும் அந்தப் பட்டியலில் இருந்தது. சூட்கேஸ் சொக்லேட்டுக்கு நம் வீடுகளில் அப்போது ஏறிய மவுசு இன்னும் முழுதாக இறங்கவில்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியது மூன்று.

முதலாவது, எங்கே செய்தது. எங்கே வாங்கியது என்பது வேறு விஷயம். டுபாயில் வாங்கியதெல்லாம் டுபாயில் செய்ததில்லை. லண்டன் கடையில்கூட வேறு நாட்டுச் சரக்கு கிடைக்கும். உறையின் பின்பக்கத்தில் உற்பத்தி நாடு பொடி எழுத்தில் இருக்கும். கொழும்பில் அதைத் தேடுவது தனி வித்தை. இறக்குமதியாளரின் ஸ்டிக்கரை சேர்மானப் பட்டியலுக்கு மேலேயே ஒட்டியிருப்பார்கள். ஹெயார் டிரையரால் கொஞ்சம் சூடு காட்டினால் ஸ்டிக்கர் மெதுவாக உரியும். உள்ளே சொக்லேட்டை வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்யாதீர்கள்.

இரண்டாவது, வயது. காலாவதித் திகதிகள் ஒன்றுக்கொன்று கிட்டவாக இருக்கிற கட்டிகளாகத் தேடுங்கள். இரண்டு மாதச் சொக்லேட்டையும் பதினொரு மாதச் சொக்லேட்டையும் வைத்து நாடுகளை ஒப்பிட முடியாது. அமெரிக்க உறையில் மாதம் முதலில் வரும், நாள் பிறகு வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். 03/08 என்றிருந்தால் அங்கே அது மார்ச் 8. நமக்கு ஓகஸ்ட் 3.

மூன்றாவது, சூட்கேஸில் பக்கத்தில் என்ன இருந்தது. கொழுப்பு வாசனையை இழுத்துக்கொள்ளும். சவர்க்காரக் கட்டிகளுக்கும் வாசனைத் திரவியத்துக்கும் நடுவில் பத்து மணித்தியாலம் பறந்து வந்த சொக்லேட்டில் "லண்டன் வாசம்" அடிப்பதில் அதிசயமில்லை. இந்தச் சோதனைக்கு என்றே கொண்டுவருகிறவரிடம் தனி டப்பாவில் போட்டு வரச் சொல்லுங்கள். கைப்பையில் வைத்தால் இன்னும் நல்லது.

பின்பக்கத்தை வாசிப்பது

எனக்கு இந்த வேலையில் பிடித்த கட்டம் இதுதான். வாயில் வைக்கும் முன்பே பாதி விடை இங்கே கிடைத்துவிடும்.

சேர்மானங்களை நிறையில் கூடியதிலிருந்து குறைந்ததற்கு என்ற வரிசையில்தான் எழுதுவார்கள். பிரித்தானிய டெயரி மில்க்கில் முதலில் பால், அடுத்தது சீனி. ஹேர்ஷி செய்யும் கட்பரியில் சீனிதான் முதலில். இந்தியத் தயாரிப்பிலும் சீனி முன்னால், பால் திண்மங்கள் அடுத்து. இந்த ஒரு வரியிலேயே "இங்கே உள்ளது சீனிக்கட்டி" என்ற குற்றச்சாட்டுக்குக் கொஞ்சம் ஆதாரம் கிடைக்கிறது. கொஞ்சம்தான். பிரித்தானிய உறையில் "பால்" என்று எழுதுவது திரவப் பாலின் கணக்கு: 227 கிராம் சொக்லேட்டுக்கு 426 மில்லிலீற்றர். பாலில் பெரும்பகுதி தண்ணீர், அது செய்யும்போதே போய்விடும். இந்திய உறை தண்ணீர் போன பிறகு மிஞ்சும் திண்மத்தைச் சொல்கிறது. இரண்டையும் நேராக ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியாது. 100 கிராமுக்கு எத்தனை கிராம் சீனி என்ற போஷாக்கு அட்டவணைதான் நேர்மையான அளவுகோல். பிரித்தானிய டெயரி மில்க்கே 100 கிராமில் 56 கிராம் சீனி. "லண்டன் சொக்லேட்டில் இனிப்புக் குறைவு" என்பவர்களுக்கு அந்த அட்டவணையைக் காட்டுங்கள்.

அப்புறம் கொழுப்பு. கொக்கோ விதையின் சொந்தக் கொழுப்பான கொக்கோ வெண்ணெய் விலை கூடிய சாமான். அதற்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு சேர்க்கலாமா என்பதில் ஐரோப்பாவில் ஏறக்குறைய முப்பது வருடம் சண்டை நடந்தது. பிரித்தானியா 1973 இல் ஐரோப்பியக் கூட்டில் சேர்ந்தபோது தொடங்கியது. சேர்க்கலாம் என்றது பிரித்தானியா, அதைச் சொக்லேட் என்றே கூப்பிடக் கூடாது என்று மற்றப் பக்கத்து நாடுகள் நின்றன. கடைசியில் 2000 ஆம் ஆண்டின் ஐரோப்பியச் சட்டம் 5 சதவீதம்வரை ஆறு வகைக் கொழுப்புகளை அனுமதித்தது. பாம், ஷியா, சால், கோகம், இல்லிப்பே என்று போகும் அந்தப் பட்டியலில் மாங்கொட்டைக் கொழுப்பும் உண்டு. பிரித்தானிய டெயரி மில்க்கின் உறையைப் பாருங்கள், பாமும் ஷியாவும் எழுதியிருக்கும். அதே சட்டத்தில் பால் சொக்லேட்டுக்குக் குறைந்தது 25 சதவீதம் கொக்கோ வேண்டும். பிரித்தானியாவுக்கும் அயர்லாந்துக்கும் அதில் சலுகை கொடுத்தார்கள், பால் அதிகமாக இருந்தால் 20 சதவீதம் போதும் என்று.

இனி அமெரிக்கா. அங்கே பால் சொக்லேட்டில் கொக்கோத் திரள், அதாவது அரைத்த கொக்கோ விதை, 10 சதவீதம் இருந்தாலே சட்டத்துக்குப் போதும். கேட்டதும் சிரிப்பு வரும். ஆனால் பால் சொக்லேட் என்று பெயர் போட்டால் பாமாயில் போன்ற தாவரக் கொழுப்பைச் சேர்க்கவே முடியாது. கனடாவிலும் அப்படித்தான். அமெரிக்கச் சொக்லேட்டைக் கேலி செய்யும் லண்டன் மாமாவுக்கு இது கொஞ்சம் கசக்கும்.

சட்டம் அனுமதித்தாலும் சனம் அனுமதிக்காத கதையும் ஒன்று உண்டு. 2009 இல் நியூசிலாந்தில் கட்பரி கொக்கோ வெண்ணெயில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பாமாயில் சேர்த்தது. வாடிக்கையாளர்கள் கொதித்ததில் அதே வருடம் பழைய செய்முறைக்கே திரும்ப வேண்டியதாயிற்று.

உறையில் எழுதாத ஒரு வித்தியாசம்தான் நாக்குக்கு மிகப் பெரிதாகத் தெரியும்: பாலை எப்படிச் சேர்த்தார்கள் என்பது. பிரித்தானிய முறையில் பாலையும் சீனியையும் சேர்த்துச் சுண்டவைத்து, கொக்கோத் திரளோடு கலந்து, வெற்றிடத்தில் உலர்த்திப் பொடியாக்குவார்கள். அந்தச் சூட்டில் பாலின் புரதமும் சீனியும் சேர்ந்து ஒரு சமைத்த மணம் வரும். வீட்டில் பால் ரொபி கிண்டும்போது சட்டியிலிருந்து எழும் அதே வாசம். டெயரி மில்க்கை "டெயரி மில்க்" ஆக்குவது அதுதான். சுவிஸ் பாணியில் பெரும்பாலும் பால்மாவை நேரே சேர்ப்பார்கள், ஆகவே பால் ருசி சுத்தமாக இருக்கும். பால் சொக்லேட்டைச் செய்துகாட்டிய டானியல் பீட்டரும் சுவிஸ்காரர்தான், 1875 இல். நான்கு வருடம் கழித்து றொடோல்ஃப் லின்ட் சொக்லேட்டை மணிக்கணக்காக உருட்டி அரைக்கும் முறையைக் கொண்டுவந்தார். அந்த வழவழப்புக்குக் காரணம் அரைக்கப்பட்ட துகளின் அளவு. ஒரு மில்லிமீற்றரின் நூறில் மூன்று பங்குக்கு மேல் போனால் நாக்கு அதை மணலாக உணரத் தொடங்கிவிடும்.

ஹேர்ஷியின் பால் சொக்லேட்டில் ஒரு புளிப்பு உண்டு. அதற்குக் காரணம் பால் கொழுப்பு உடைவதால் வரும் பியூட்டிரிக் அமிலம் என்பதே உணவு விஞ்ஞானிகளின் விளக்கம். கம்பனி தன் முறையை வெளியே சொல்வதில்லை. பார்மசான் சீஸிலும் இருப்பது இதே அமிலம்தான். பழக்கமில்லாதவர் முதல் கடியிலேயே முகம் சுளிப்பார். அதையே தின்று வளர்ந்த பிள்ளைக்கு அது இல்லாத சொக்லேட் சப்பென்றிருக்கும்.

சேர்மானப் பட்டியலில் வரும் கூட்டுப்பொருள் இலக்கங்களுக்கும் பயப்பட வேண்டாம். இந்தியக் கட்டியில் 442, 476 என்றிருக்கும். பிரித்தானியக் கட்டியிலும் அதே இரண்டு, முன்னால் ஒரு E மட்டும் கூட. 476 ஆமணக்கெண்ணெயிலிருந்து வருகிறது. உருகிய சொக்லேட்டை இலகுவாக ஓடவைக்கும், அதனால் கொக்கோ வெண்ணெயைக் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். விளக்கெண்ணெய் குடித்த ஞாபகத்தில் யாரும் பதற வேண்டியதில்லை.

இதெல்லாம் வெறும் சந்தேகம் இல்லையா என்று கேட்பவர்களுக்கு: ஐரோப்பிய ஆணைக்குழுவின் ஆய்வு மையம் 2019 இல் 19 நாடுகளில் ஏறக்குறைய 1,400 உணவு மாதிரிகளைப் பார்த்தது. ஒப்பிட்டவற்றில் 9 சதவீதம், முன்பக்கம் ஒரே மாதிரி இருந்தும் உள்ளே சேர்மானம் வேறு. இன்னும் 22 சதவீதத்தில் முன்பக்கம் கிட்டத்தட்ட ஒன்று, சேர்மானம் வேறு. அது சொக்லேட்டை மட்டும் பார்த்த ஆய்வில்லை. ஆனாலும் ஒரே முகத்தோடு வேறு சரக்கு விற்பது நடக்கிற காரியம் என்பதற்கு அது போதும்.

சூடு என்ன செய்திருக்கிறது

கொக்கோ வெண்ணெய் ஆறு விதமாகப் படிகமாகும். தொழிற்சாலையில் மெனக்கெட்டு உண்டாக்குவது ஐந்தாவது விதத்தை. அது ஏறக்குறைய 34 பாகையில் உருகும். வாய்க்குள் 37 பாகை. அதனால்தான் சொக்லேட் கையில் நின்று வாயில் கரைகிறது. பால் கொழுப்பு சேர்ந்தால் அதற்கும் முன்னாலேயே இளகத் தொடங்கும். கொழும்பில் பகல் வெப்பம் 30 ஐத் தொடும், அதைத் தாண்டியும் போகும். ஏசி இல்லாத கடையில் ஒரு பால் சொக்லேட் தன் வாழ்நாள் முழுவதையும் உருகலின் விளிம்பிலேயே கழிக்கிறது. சில கடைகளில் பகலில் ஏசி ஓடும், கதவைப் பூட்டும்போது நிறுத்திவிடுவார்கள். அப்படியானால் ஒவ்வோர் இரவும் ஓர் இளகல், ஒவ்வொரு காலையும் ஓர் இறுகல்.

இளகி மறுபடி இறுகும் சொக்லேட் பழைய படிகத்துக்குத் திரும்பாது. உடைத்தால் டக் என்ற சத்தம் வராது, பொடியாக உதிரும். வாயில் மெழுகு மாதிரி நிற்கும். ருசி மெதுவாக வெளியே வருவதால் இனிப்பு மட்டும் தூக்கலாகத் தெரியும்.

ஆகவே உறையைப் பிரித்ததும் முதலில் கண்ணால் பாருங்கள். மினுக்கம் இருக்கிறதா, சதுரங்களின் ஓரம் கூராக இருக்கிறதா, எழுத்து மழுங்கியிருக்கிறதா? சாம்பல் வெள்ளையாகப் பூத்திருந்தால் பூஞ்சணம் என்று எறிய வேண்டாம். விரலால் தேயுங்கள். கரைந்து மறைந்தால் கொழுப்பு மேலே வந்திருக்கிறது, அதாவது சூடு பட்டிருக்கிறது. சொரசொரவென்று அப்படியே நின்றால் அது சீனிப் பூப்பு: குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து உடனே திறந்ததால் ஈரம் பட்டு, சீனி கரைந்து மறுபடி காய்ந்திருக்கிறது. இரண்டுமே உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் அந்தக் கட்டியை வைத்து ஒரு நாட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

சரி, சூடு படாத கட்டியே கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது? அதற்குத்தான் இரண்டாவது கட்டி. ஒவ்வொரு வகையிலும் ஒன்றை அப்படியே வையுங்கள். மற்றதை உருக்கி மறுபடி வார்த்துவிடுங்கள். கொதித்து இறக்கிய தண்ணீரின் மேல் ஒரு கிண்ணத்தை வைத்து, அதில் சொக்லேட்டை மெதுவாகக் கிளறுங்கள். 45 பாகைக்கு மேல் போக விடாதீர்கள். விரல் வைத்தால் இளஞ்சூடு, அவ்வளவுதான். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் திரண்டு கெட்டியாகிவிடும். உருகியதைக் காய்ந்த ஐஸ் தட்டில் ஒரே அளவாக ஊற்றி, எல்லா வகையையும் ஒரே நேரத்தில் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். இப்போது எல்லாக் கட்டியின் படிகமும் சமமாகக் கெட்டுவிட்டது! வடிவமும் ஒன்று, மினுக்கமும் ஒன்று. மிஞ்சியிருப்பது செய்முறை வித்தியாசம்தான்.

வடிவத்தைச் சமன் செய்வதும் சின்ன விஷயமில்லை. 2012 இல் பிரித்தானியாவில் டெயரி மில்க்கின் சதுரங்களை ஓரம் மழுக்கி வட்டமாக்கியபோது, இனிப்புக் கூடிவிட்டது என்று பலர் முறையிட்டார்கள். செய்முறை மாறவில்லை என்றது கம்பனி. துண்டின் வடிவம் மாறினால் வாயில் உருகும் வேகமும் மாறும், அதோடு ருசியும் மாறினதுபோல் தெரியும்.

கண்ணுக்குத் தெரியாமல் ருசிப்பது

உறையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டால் வெல்வது உறைதான். அதனால் மூன்று துண்டுச் சோதனை. உணவுக் கம்பனிகளே செய்வது இது.

ஒருவருக்கு மூன்று துண்டு கொடுங்கள். இரண்டு ஒரே வகை, ஒன்று வேறு. கேள்வி ஒன்றே ஒன்று: எது வேறு? எது நல்லது, எது லண்டன் என்றெல்லாம் இப்போது கேட்கக் கூடாது. வித்தியாசமே தெரியாதவர் எது லண்டன் என்று சொல்வதில் என்ன பயன்?

துண்டுகளைச் சாப்பிடாத ஒருவர் அடுப்படியில் நின்று ஒழுங்கு செய்யட்டும். சின்னத் தட்டுகளின் அடியில் 417, 902 என்று மனம் போனபடி மூன்று இலக்க எண்களை எழுதட்டும். 1, 2, 3 என்றோ அ, ஆ என்றோ போட்டால் முதலாவதுதான் நல்லது என்ற நினைப்பு வந்துவிடும். எந்தத் துண்டு எந்த இடத்தில் என்பதை ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும். இரண்டு வகைக்கு மொத்தம் ஆறு ஒழுங்குகள் உண்டு. உருக்கி வார்க்காத சுற்றில் சதுரத்தின் எழுத்து தெரியாதபடி கத்தியால் வெட்டுங்கள். நிறம் காட்டிக்கொடுத்தால் விளக்கை மங்கலாக்குங்கள், அல்லது கண்ணைக் கட்டுங்கள்.

குருட்டு அதிர்ஷ்டத்திலேயே மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். ஆகவே ஆறு பேர் ருசித்தால் ஐந்து பேராவது சரியாகச் சொன்னால்தான் வித்தியாசம் இருக்கிறது என்று எடுங்கள். ஒன்பது பேரில் ஆறு, பன்னிரண்டு பேரில் எட்டு. வீட்டில் இரண்டே பேர்தான் என்றால் ஒவ்வொருவரும் இடைவெளி விட்டுப் பல தடவை செய்யலாம்.

இரண்டு சுற்று வையுங்கள். முதற்சுற்றுக்குக் கடையிலிருந்தும் சூட்கேஸிலிருந்தும் வந்தபடியே உள்ள கட்டிகள். அடுத்த சுற்றுக்கு உருக்கி வார்த்தவை. இடையில் அரை மணித்தியாலமாவது போகட்டும்.

நேரம் காலை பத்து, பதினொரு மணி சரி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மீன்குழம்பு வாயில் நிற்கும்போது வேண்டாம். வெற்றிலை, பிளேன்டீ எதுவும் அதற்கு முந்தின ஒரு மணித்தியாலத்தில் கூடாது. சாமி அறையில் சாம்பிராணி போட்ட கையோடும் தொடங்காதீர்கள். ஏசியை 22 பாகைக்கு வைத்து, சொக்லேட்டை முதல் நாள் இரவே அந்த அறைக்குள் கொண்டுவந்துவிடுங்கள். குளிர்ந்த சொக்லேட்டில் வித்தியாசம் எதுவும் தெரியாது. எல்லாமே நல்லதாக இருக்கும்.

சீனி வருத்தம் உள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களை எண் எழுதும் வேலைக்கு வையுங்கள். 5 கிராம் துண்டு ஒன்றிலேயே ஏறக்குறைய 3 கிராம் சீனி, ஒரு சுற்றுக்கு மூன்று துண்டு.

வாயில் வைத்த பிறகு

கடித்து விழுங்க வேண்டாம். ஒரு தடவை கடித்துச் சத்தத்தைக் கேளுங்கள், பிறகு நாக்குக்கும் மேல் அண்ணத்துக்கும் நடுவில் கரைய விடுங்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு தொடங்கிப் பாருங்கள்: இனிப்பும் கொஞ்சம் கைப்பும் மட்டும் தெரியும். கையை எடுத்ததும் கொக்கோவும் பாலும் வனிலாவும் ஒன்றாக வந்து இறங்கும். நாடுகளுக்கு இடையிலான வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்த இரண்டாவது கட்டத்தில்தான் இருக்கிறது.

எவ்வளவு வேகமாகக் கரைகிறது, சமைத்த பால் மணமா பச்சைப் பால்மா மணமா, புளிப்பு உண்டா, விழுங்கிய பிறகு வாயில் எண்ணெய்ப் படலம் நிற்கிறதா என்று கவனியுங்கள். வனிலாவையும் பாருங்கள். செயற்கை வனிலா மூக்கில் முதலில் ஏறி உடனே மறையும். ஒவ்வொரு துண்டுக்கும் பிறகு வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு துண்டு கிரீம் கிராக்கரும். குளிர்ந்த தண்ணீர் கொழுப்பை வாயிலேயே இறுக்கிவிடும். ருசிக்கும்போது வாயைத் திறந்து கருத்துச் சொல்ல யாருக்கும் அனுமதி கிடையாது. நம் வீடுகளில் இந்த ஒன்றுதான் நடக்காத காரியம்.

வந்த முடிவை எப்படி எடுப்பது

முதற்சுற்றில் எல்லாரும் கண்டுபிடித்து, வார்த்த சுற்றில் யாராலும் முடியவில்லை என்றால், நீங்கள் இவ்வளவு நாளும் நாட்டின் மேல் போட்ட பழி சூட்டுக்கும் வடிவத்துக்கும் உரியது. இரண்டு சுற்றிலும் கண்டுபிடித்தால் செய்முறை வேறு. உறையின் பின்பக்கத்துக்குத் திரும்பிப் போய் எந்த வரி காரணம் என்று தேடலாம். சவர்க்கார வாசம் போன்ற ஒட்டிய மணங்கள் உருக்கினாலும் போகாது, அதை மட்டும் கழித்துப் பாருங்கள். இரண்டு சுற்றிலும் யாராலும் முடியவில்லையா? மச்சான் வென்றுவிட்டார்.

இப்போது கண்டோஸையோ ரிட்ஸ்பரியையோ எடுங்கள். பிரித்தானியக் கட்டியோடு சேர்த்து அதே சோதனையை வையுங்கள். இதில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அன்றைக்கு நாக்குகள் களைத்துவிட்டன என்று அர்த்தம். இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கக் கட்பரியும் பிரித்தானியக் கட்பரியும் இரண்டு சுற்றிலும் பிரிந்துதான் நிற்கும் என்று நான் பந்தயம் கட்டுவேன். இந்தியத் தயாரிப்பும் பிரித்தானியத் தயாரிப்பும் அவ்வளவு தூரம் இல்லை. புதுசாக இறங்கிய இந்தியக் கட்டியை நல்ல கடையில் வாங்கினால், ஆறு பேரில் ஐந்து பேர் பிரித்துச் சொல்வது கஷ்டப்படும். சுவிஸ் சரக்கைப் பற்றி இங்குள்ளவர்கள் சொல்லும் பெருமை பெரும்பாலும் நியாயமானது. ஆனால் விலையைப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டால் யாருக்கும் அது குறைவாக ருசிக்காது.

ஒரே நாட்டுச் சரக்கும் எப்போதும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 2024 இல் உலகச் சந்தையில் கொக்கோ ஒரு தொன் 10,000 டொலரைத் தாண்டியது. அப்படி விலை ஏறும்போது கட்டியைச் சின்னதாக்குவார்கள், அல்லது கொக்கோவைக் குறைப்பார்கள். உங்கள் முடிவோடு உறைகளையும் ஒரு கொப்பியில் ஒட்டி வைத்தால், அடுத்த வருடம் சேர்மான வரிசை மாறியிருக்கிறதா என்று பார்க்கலாம்.

மிச்சமும் அடுத்த தடவையும்

மிஞ்சிய கட்டிகளைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்ப்பெட்டியின் கதவுப் பக்கத் தட்டில் வையுங்கள். எடுத்ததும் டப்பாவைத் திறக்காமல், அறைச் சூட்டுக்கு வரும்வரை ஒரு மணித்தியாலம் விடுங்கள். ஈரம் டப்பாவின் வெளியே படியட்டும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குச் சொல்லிவிடுவதானால், இங்கே கிடைப்பதையே சுமந்து வரச் சொல்லாமல் அங்கே மட்டும் கிடைப்பதைக் கேளுங்கள்: நோர்வேயிலிருந்து ஃப்ரையா, சுவிஸிலிருந்து கையே, டொரொன்டோவிலிருந்து கொஃபி கிறிஸ்ப்.

உருக்கி வார்த்த துண்டுகளைத் தட்டில் வைத்து விருந்தாளிக்குக் கொடுக்க முடியாது. நாட்டுப் பாகுபாடு பார்க்காமல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொஞ்சம் பாலோடு உருக்கி, பாலில் தோய்த்த மாரி பிஸ்கட்டை அடுக்கி, சொக்லேட் பிஸ்கட் புடிங் செய்துவிடுங்கள். மாஜரீன் போடாமல் பட்டர் போடுங்கள். சீனி வேறாகச் சேர்க்கத் தேவையில்லை, சொக்லேட்டில் உள்ளதே தாராளம்.